சனிக்கிழமைக் காலையை எந்தக் குழுவுக்குக் கொடுப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஒப்பீடு

"அண்ணா, மூணு வருஷமா தனியாவே சைக்கிள் ஓட்டிட்டேன். இந்த மாசத்துலேருந்து வேகக் குழுவுல சேர்ந்துடட்டுமா?" என்று அலுவலகத்தில் எனக்கு இளையவரான நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அவருக்கு வயது 34. திருவான்மியூரில் தொடங்கிக் கோவளம் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தைத் தனியாளாக மணிக்குச் சராசரி 27 கிலோமீட்டர் வேகத்தில் முடிக்கிறார். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்; காலை எட்டரை மணிக்குள் திரும்பியாக வேண்டும். வார நாட்களில் இரண்டு அல்லது மூன்று முறை ஒரு மணி நேரம் கிடைக்கும். நீண்ட பயணத்துக்கு என்று அவருக்கு வாய்ப்பது சனிக்கிழமைக் காலை ஒன்றுதான்.

உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு காலையை அவர் எங்கள் சைக்கிள் கிளப்பின் வேகக் குழுவுக்குக் கொடுக்கலாம். யாரையும் விட்டுவிட்டுப் போகாத மிதவேகக் குழுவுக்குக் கொடுக்கலாம். இப்போது போலத் தனியாகவே ஓட்டலாம். வீட்டில் டிரெய்னர் என்ற தாங்கியில் வண்டியைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நீண்ட தூரப் பயணங்களின் பக்கம் திரும்பலாம். ஐந்தையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்று தருவதை மற்றொன்று தருவதில்லை என்பதாலும், வேகக் குழுவிடம் பலரும் தவறான ஒன்றை எதிர்பார்த்துச் சேர்கிறார்கள் என்பதாலும், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வேகக் குழுவின் காலை எப்படிப் போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்குப் பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். ஹெல்மெட்டும் முன்பின் விளக்குகளும் இல்லாதவருக்கு இடமில்லை. அக்கரைப் பகுதி வரை போக்குவரத்துச் சிக்னல்களும் சாலையோர மணலும் இருப்பதால் எல்லோரும் நிதானமாகவே செல்வார்கள். உத்தண்டி சுங்கச்சாவடியைக் கடந்ததும் யாரும் அறிவிக்காமலேயே வேகம் மணிக்கு 35, 36 கிலோமீட்டர் என்று ஏறும். முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக, மாமல்லபுரத்துக்கு அருகில் திரும்பி வருவார்கள். பின்தங்கியவருக்காகக் குழு நிற்காது. இதைக் கொடுமை என்று எண்ண வேண்டியதில்லை. புறப்படும் முன்பே சொல்லப்பட்டு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான் அது.

தனியாக 27 ஓட்டுகிற ஒருவர் 36 ஓடும் குழுவில் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்ற கேள்விக்கு விடை காற்றில் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், சமதளத்தில் நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாகவும் கூடும். எனவே 30-லிருந்து 36-க்குப் போவது வேகக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்தான் என்றாலும், காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ 1.7 மடங்கு திறன் தேவைப்படுகிறது. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுபவருக்கோ மொத்த உழைப்பில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகிறது. பெரிய குழுவின் நடுவில் இருந்தால் அதற்கும் மேல். ஆகவே என் நண்பரின் கால்கள் இந்த வேகத்துக்குப் போதும். அவருக்கு இன்னும் கைவராதது முன்னவரின் வீலைப் பிடிக்கும் கலை, அதாவது அவருடைய பின்சக்கரத்தை விடாமல் ஒட்டியே ஓட்டுவது.

வீல் பிடிப்பது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். முன்சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின்சக்கரத்துக்கும் இடையே அரை மீட்டர் விட்டு ஓட்டினால், அந்த இடைவெளி ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு. ஒரு மனிதர் திடுக்கிட்டுப் பிரேக்கைத் தொடுவதற்கே அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். எனவே முன்னால் உள்ள சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே ஆபத்தில் ஓட்டுகிறார். பார்வை முன்னவரின் தோளுக்கு மேலாக, அவருக்கும் முன்னால் இருக்கும் மூன்று நான்கு பேரைத் தாண்டிச் சாலைக்குப் போக வேண்டும். சக்கரம் கண்ணின் ஓரத்தில் தெரிந்தால் போதும். குழியைக் கையால் சுட்டிக் காட்டுவதும், நாயோ பேருந்தோ குறுக்கிட்டால் குரல் கொடுப்பதும், அந்தக் குரலை அப்படியே பின்னால் கடத்துவதும் இதனால்தான் மரியாதைக்கான சடங்காக இல்லாமல் உயிருக்கான ஏற்பாடாக இருக்கின்றன. வேகம் கூடும்போது பிரேக் பிடிக்காமல், உடலைச் சற்று நிமிர்த்திக் காற்றில் காட்டியே வேகத்தைக் குறைப்பது, எழுந்து மிதிக்கும்போது வண்டி பின்னால் உதைக்காமல் பார்த்துக்கொள்வது, ஒரு கையால் தண்ணீர் குடித்துக்கொண்டே நேர்கோட்டில் செல்வது ஆகியவற்றையும் தனியாக எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் கற்றுக்கொள்ள முடியாது.

காற்றின் திசையை அறிவதும் இதைச் சேர்ந்ததே. என் முதல் வேகப் பயணம் ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது. அந்தப் பருவத்தில் விடியற்காலைக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, நிலத்தின் பக்கமிருந்து வரும். தெற்கு நோக்கிப் போகும்போது அது நமக்கு வலப்பக்கத்துக் காற்று. கானத்தூர் வரை கட்டடங்களும் மரங்களும் அதைத் தடுத்துக்கொண்டிருந்ததால், நான் பதினோராவது ஆளாகச் சுகமாக உட்கார்ந்து வந்தேன். முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் இருபுறமும் வெட்டவெளி. கழிமுகத்தின் நீர்ப்பரப்பைக் கடந்து காற்று நேராக விலாவில் அடித்தது. முன்னால் இருந்த பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் இடப்பக்கமாகச் சற்று விலகிச் சாய்வரிசை பிடித்துக்கொண்டார்கள். நானோ, முன்னவரின் நேர்பின்னால் இருந்தால்தான் மறைவு கிடைக்கும் என்று அங்கேயே நின்றேன். ஒரு முழ இடைவெளி முதலில் இரண்டு முழமாயிற்று. மிதியை அழுத்தினேன், தொடை எரிந்தது, இடைவெளி ஒரு வண்டி நீளமாயிற்று. பாலம் முடியும்போது அவர்களுடைய சிவப்பு விளக்குகள் ஒரு பேருந்தின் நீளத்துக்கு அப்பால் போய்விட்டன. அதன் பிறகு அவர்களைப் பிடிக்கவே முடியவில்லை. பலம் போதாமல் நான் விடுபட்டேன் என்று அன்று நினைத்தேன். மறைவு நேர்பின்னால் இல்லாமல் இடப்பின்னால் இருந்தது என்பதும், வண்டியின் கைப்பிடி (ஹேண்டில்பார்) அகலத்துக்கு ஒதுங்கியிருந்தால் போதும் என்பதும் பிறகுதான் விளங்கிற்று.

இந்தச் சாய்வரிசைக்கு நம் சாலையில் ஓர் எல்லையும் உண்டு. தெற்கே போகும்போது வரிசை இடப்பக்கம், அதாவது சாலையோரம் நோக்கி விரிகிறது. அங்கே மணல் படிந்திருக்கும், ஐந்தாறு பேருக்கு மேல் இடமிருக்காது. மிஞ்சியவர்கள் ஓரத்தில் ஒற்றை வரிசையாகக் காற்றை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதே மேற்குக் காற்றில் திரும்பி வடக்கே வரும்போது மறைவு வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் விரிந்தால் குழு வாகனங்களின் பாதைக்குள் நுழைந்துவிடும். எந்தப் பொறுப்புள்ள தலைவரும் அதற்கு இடம் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் நிலைமை வேறு: திரும்பும் வழியில் காற்று முகத்தில் அடிக்கும், போகும்போது பறந்த குழு வரும்போது 30-ஐத் தொடவே திணறும். போகும் வேகத்தைப் பார்த்துத் தன் பலத்தைக் கணக்கிட்டவர்கள் அப்போது ஏமாந்துபோவார்கள்.

இனி வேகக் குழு எதைத் தராது என்பதைச் சொல்ல வேண்டும். பலரும் உடலின் திறனை வளர்த்துக்கொள்ளத்தான் அதில் சேர்கிறார்கள். குழுவின் நடுவில் ஒளிந்து வரும்போது இதயத் துடிப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். திருப்பங்களிலும் பாலங்களிலும் யாராவது பாயும்போதும் அரை நிமிடம் உச்சத்துக்குப் போய்த் திரும்பும். எளிதான நீண்ட உழைப்பும் அதில் முழுமையாக இல்லை, திட்டமிட்ட கடின உழைப்பும் முழுமையாக இல்லை. தாங்குதிறன் விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்கள் தங்கள் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மிக நிதானமான உழைப்பிலேயே செய்கிறார்கள் என்று உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் காட்டியிருப்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாரத்தில் நான்கு மணி நேரமே ஓட்டும் ஒருவருக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்தாது என்றாலும், ஒவ்வொரு சனிக்கிழமையும் மூச்சுமுட்ட ஓட்டி, மீதி நாட்களில் அந்தக் களைப்போடே அலுவலகம் போய் வருபவர் ஆறு மாதத்தில் பெரிதாக முன்னேறியிருக்க மாட்டார் என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பயணங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் சராசரி 34 என்று பதிவாகும். அடுத்த வாரம் தனியாக ஓட்டினால் பழைய 27 அப்படியே இருக்கும். அந்த ஏமாற்றத்தில் சிலர் தனியாக ஓட்டுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

ஆபத்தைப் பற்றியும் மூடி மறைக்காமல் பேச வேண்டும். இன்னொரு கிளப்போடு ஓட்டிய ஒரு காலையில், நிறுத்தத்தில் ஒதுங்கிய பேருந்தைப் பார்த்து முன்னால் இருந்தவர் குரல் கொடுக்காமல் பிரேக் பிடித்தார். மூன்றாவதாக வந்தவரின் முன்சக்கரம் இரண்டாமவரின் பின்சக்கரத்தை உரசியது. இப்படி உரசும்போது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான் விழுவார். அன்றும் அவரே விழுந்தார், காறை எலும்பு முறிந்தது. எனக்கு இன்றுவரை மனம் ஆறாதது அடுத்து நடந்த விஷயம். அன்று கடைசியில் வந்து எல்லோரையும் கவனிக்க அந்தக் கிளப்பில் யாரையும் அமர்த்தியிருக்கவில்லை. முன்னால் போனவர்களுக்குச் செய்தி எட்டவே பத்து நிமிடம் ஆயிற்று. விழுந்தவரோடு நாங்கள் இருவர் மட்டும் சாலையோரத்தில் நின்றோம். வேகக் குழுவில் சேர நினைப்பவர் அவர்கள் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள் என்று கேட்பதற்கு முன், கடைசியில் யார் வருவார், விழுந்தால் யார் நிற்பார், புதியவரிடம் சைகைகளை யார் சொல்லித் தருவார் என்று கேட்க வேண்டும். நேரான விடை வராத குழுவில், எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், சேரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையைப் பிரேக்கிலிருந்து வெகுதூரம் தள்ளி வைக்கும் டிரையத்லான் கைப்பிடிகளைக் குழுவுக்குள் பயன்படுத்த அனுமதிக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அனுமதித்தால் அந்தக் குழுவுக்குப் பாதுகாப்பில் அக்கறை குறைவு என்று கொள்ளலாம்.

மிதவேகக் குழுவைப் பலர் முதியவர்களுக்கும் புதியவர்களுக்கும் உரியது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கோ அது கிளப்பின் உண்மையான பள்ளிக்கூடமாகத் தெரிகிறது. 26 முதல் 28 வரையிலான வேகத்தில், அதே அரை மீட்டர் இடைவெளியில், இருவர் இருவராக ஓட்டிப் பழகினால் மேலே சொன்ன அத்தனை பழக்கங்களும் கைவரும். பிழை செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். பங்க்சர் ஆனால் எல்லோரும் நிற்பார்கள். டியூப் மாற்றத் தெரியாதவருக்கு அங்கேயே, தெருவிளக்கின் கீழ், யாராவது ஒருவர் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிக் கம்பித் துண்டைத் தேடிக் காட்டிக் கற்றுத் தருவார். சென்னையில் பெரிய சைக்கிள் குழுக்கள் பகுதிவாரியாகப் பிரிந்து இயங்குவதால், திருவான்மியூர்வாசிக்கும் தாம்பரத்துக்காரருக்கும் வீட்டருகிலேயே இத்தகைய குழு கிடைத்துவிடுகிறது. இதன் குறை ஒன்றுதான்: பலம் கூடியவருக்கு இது உடற்பயிற்சியாகப் போதாது, நிற்பதிலும் காத்திருப்பதிலும் நேரம் போகும். எட்டரை மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

தனியாக ஓட்டுவது திறனை வளர்ப்பதற்கு இன்னும் சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. காற்று முழுவதும் நம்மீதே அடிக்கிறது, ஒளிய இடமில்லை, இருபது நிமிடம் சீராக அழுத்த வேண்டும் என்று முடிவு செய்தால் இருபது நிமிடமும் அப்படியே அழுத்தலாம், யாருடைய பாய்ச்சலும் குலைக்காது. வெயில் காலத்தில் இது இன்னும் பொருந்தும். மே மாதத்தில் ஐந்து மணிக்கே காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலராமல் உடலிலேயே நிற்கும். அதே வேகத்தில் ஓட்டினாலும் நேரம் போகப் போக இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். தனியாக இருப்பவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், நின்று உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் குடிக்கலாம். வேகக் குழுவில் அந்த முடிவு நம் கையில் இல்லை. முக்கால் லிட்டர் குப்பிகள் இரண்டும் காலியான பிறகும் குழு போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் தனியாளுக்குச் சாலையில் வேறு இடர்கள் உண்டு. இருட்டில் பின்னால் வரும் காருக்கு இருபது விளக்குகள் தெரிவதும் ஒற்றை விளக்கு தெரிவதும் ஒன்றல்ல. சனி, ஞாயிறு அதிகாலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்களும் பைக்குகளும் எந்த வேகத்தில் போகின்றன என்பதை அங்கே ஓட்டியவர் அறிவார்.

டிரெய்னரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கும் குழந்தைகள் எழுவதற்கும் இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை அது வீணாக்காது. எதிரே பெரிய விசிறி ஒன்று இல்லாவிட்டால் நம் ஊரில் அரை மணி கூடத் தாங்காது. வார நாட்களுக்கு நல்லது. சனிக்கிழமையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

பிரெவேக்கள் முற்றிலும் வேறொரு குணம் கொண்டவை. பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ராண்டோனியர்ஸ் இவற்றை நடத்துகிறார்கள். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டரே போதும் என்பதால் அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. பசியை, தூக்கத்தை, உட்காருமிடத்து வலியைச் சமாளிப்பதே பெரிது. எல்லாப் பிரெவேக்களுக்கும் மூத்த அண்ணனான 1200 கிலோமீட்டர் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 2023-க்குப் பிறகு அடுத்தது 2027-இல். அந்தக் கனவு உள்ளவருக்கு வேகக் குழு ஓரளவே உதவும். என் நண்பருக்கு இப்போது அந்தக் கனவு இல்லை. ஒரு நாள் முழுவதும் வீட்டை விட்டு இருக்கும் சூழலும் இல்லை. எனவே இதை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

மிஞ்சியவை மூன்று. என் பரிந்துரையை அவரிடம் இப்படிச் சொன்னேன். முதல் நான்கு சனிக்கிழமைகள் மிதவேகக் குழுவோடு ஓட்டட்டும். அந்த நான்கு வாரங்களில் முன்னவரின் சக்கரத்தையே உற்றுப் பார்க்காமல் ஓட்டவும், ஒரு கையால் தண்ணீர் குடிக்கவும், முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொண்டு குழுவை இழுத்த பிறகு வேகத்தைக் கூட்டாமல் ஓரம் விலகிப் பின்னால் நழுவவும் பழகிக்கொள்ளட்டும். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை வேகக் குழு, அடுத்த சனிக்கிழமை தனிப் பயணம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளட்டும். வார நாட்களில் ஒரு மணி நேரம் மிக நிதானமாகவும், இன்னொரு மணி நேரத்தில் இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை கடினமாகவும் மிதித்தால், திறன் வளர்வது அங்கே நடக்கும்; சனிக்கிழமைக் குழுவிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய அலுமினிய ரோடு பைக்கும் 28 மில்லிமீட்டர் டயர்களும் இதற்குத் தாராளமாகப் போதும். வேகக் குழுவில் சேர்வதற்காகக் கார்பன் வண்டிக்குக் கடன் வாங்கப் போவதாக அவர் சொன்னபோது வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வீட்டுக் கணக்கிலும் ஓர் இடைஞ்சல் இருந்தது. ஐந்து மணிக்குப் புறப்பட்டு மாமல்லபுரம் வரை போய் வந்தால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஓட்டும் நேரமே இரண்டே முக்கால் மணிக்கு மேல் ஆகும், கடைசியில் எல்லோரோடும் இட்லி சாப்பிட உட்கார்ந்தால் எட்டரை தாண்டிவிடும். ஆகவே முதல் சில மாதங்கள் கோவளத்திலேயே திரும்பிவிடச் சொன்னேன். அப்படித் திரும்புகிற இன்னும் இருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்; மூவருமாக மாறி மாறி இழுத்துக்கொண்டு வந்தால் இருட்டில் தனியாக வர நேராது.

வேகக் குழுவில் அவருடைய முதல் நாளுக்கு அவருக்கான இடத்தையும் பேசி வைத்திருக்கிறோம். கடைசிக்கு இரண்டு பேர் முன்னதாக அவர் உட்காருவார், அவருக்குப் பின்னால் நான் வருவேன். அன்று அவர் முன்னால் வந்து இழுக்க வேண்டியதில்லை. கேட்டால் தலையசைத்து மறுத்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கானத்தூர் தாண்டி மரங்களின் மறைவு முடியும் இடத்தில், பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னால், "தம்பி, ஒரு கைப்பிடி இடப்பக்கம் ஒதுங்கிக்கோ" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பேன்.